பெரியம்மா படுக்காத கட்டில்

பெரியம்மாவின் அறுவை சிகிச்சையை டிசம்பருக்குத் தள்ளிப் போடலாம் என்று முடிவு செய்தவர்கள் எல்லோரும், அவள் சமைத்துப் போட்ட சோற்றைத் தின்றுகொண்டுதான் அந்த முடிவை எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். வறுத்த மீன், முருங்கைக் கீரை போட்ட சூப்பு, மாண்டிங் மாமாவுக்குப் பிடிக்கும் என்பதற்காகச் சுட்ட கத்தரிக்காய் ஒரு தட்டில் தனியாக. பெரியம்மாவுக்கு இடது கையைத் தூக்கினால் அக்குள் வரைக்கும் வலிக்கும். அந்தக் கையையும் கொடுத்துத்தான் சோற்றுப் பானையை இறக்கினாள். நான் எழுவதற்குள் பானை மேசைக்கு வந்துவிட்டது.

கோரா சித்தி டொராண்டோவிலிருந்து வீடியோ காலில் இருந்தாள். போனை சோயா சாஸ் புட்டியில் சாய்த்து வைத்திருந்தோம். சித்திக்கு அங்கே வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சீருடை உண்டு, விடுப்பு உண்டு. சென்ற ஆண்டு எங்கள் மியாகாவ் ஊர்த் திருவிழாவில், வெளிநாட்டில் முதியோரைப் பராமரித்து ஊருக்குப் பெருமை சேர்த்தவர் என்று மேடையில் அவள் பெயரைப் படித்தார்கள். அவள் சார்பில் என் அம்மா போய்க் கேடயம் வாங்கி வந்தாள். அந்த நேரத்தில் பெரியம்மா பின்னறையில் எங்கள் சின்னத் தாத்தா லோலோ பெரோய்க்குப் பீத்துணி மாற்றிக்கொண்டிருந்தாள். அதற்குக் கேடயம் கிடையாது.

வரிசையாகச் சொன்னால்தான் எனக்கே சரியாக வரும். என் அம்மாவுடன் பிறந்தவர்கள் மூன்று பேர். மூத்தவள் ரோசெண்டா பெரியம்மா. ஊரில் எல்லோருக்கும் மனாங் செண்டா, அதாவது செண்டா அக்கா. பிறகு மாண்டிங் மாமா, என் அம்மா நிம்ஃபா, கடைசியில் கோரா சித்தி. பெரியம்மா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்துகொள்ள யாரும் விடவில்லை என்பதுதான் சரி. அவளுக்கு இருபது வயது இருக்கும்போது அவளுடைய அப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அவரைப் பார்த்துக்கொண்டாள். அவர் போன பிறகு அவளுடைய அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டது. அதன் பிறகு மாண்டிங் மாமாவின் மனைவி, பிரசவத்துக்குப் பின் எழுந்திருக்காதவள். அவளையும் பார்த்துக்கொண்டாள். இப்போது லோலோ பெரோய், அவளுடைய அப்பாவின் தம்பி, இடுப்புக்குக் கீழே அசைவில்லை, வாய்க்கு மட்டும் குறைவில்லை. பெரியம்மா ஊட்டினால்தான் சாப்பிடுவார். அவள் புரட்டிப் போட்டால்தான் புரளுவார்.

அவரைப் புரட்டும்போதுதான் அது தெரிந்தது. அவருடைய முழங்கை பெரியம்மாவின் இடது மார்பில் இடித்தது. வலி போகவில்லை. தடவிப் பார்த்தால் கொய்யாக் காய் அளவுக்குக் கட்டி. இலோயிலோ நகரத்தின் பெரிய அரசு ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். ஊசி குத்திச் சதை எடுத்தார்கள், பரிசோதனைக்கு அனுப்பினார்கள், கடைசியில் ஒரு இளம் பெண் டாக்டர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார்: புற்றுநோய், அக்குளுக்குப் பரவத் தொடங்கியிருக்கிறது, எடுத்துவிட வேண்டும், தள்ளிப் போடாதீர்கள். தேதியும் கொடுத்தார். அந்தத் தேதி கிடைக்க எத்தனை காலைகள் வராந்தாவில் நின்றோம் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வரும் வழியில் பெரியம்மா தன் கட்டிக்குச் சீமாட்டி என்று பெயர் வைத்தாள். உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து தின்கிறாளே, அதனால்.

சோற்று மேசைக்கு வருகிறேன்.

“டிசம்பர்ல நான் லீவு போட்டு வந்துடறேன், மனாங்,” என்றாள் போனிலிருந்த சித்தி. “லோலோவை நான் பாத்துக்கறேன், நீ நிம்மதியா போய்ப் படு. இப்பவே போனா அவரை யாரு பாக்கறது? நிம்ஃபாவுக்குக் கடை இருக்கு. மாண்டிங்குக்கு ஒண்ணும் தெரியாது.”

மாமா மறுக்கவில்லை. தனக்கு ஒன்றும் தெரியாது என்று யாராவது சொன்னால் மாமாவுக்கு அது பட்டம் கொடுத்த மாதிரி. மியாகாவுக்கும் நகரத்துக்கும் நடுவே ஆள் ஏற்றும் ஜீப்னி ஓட்டுகிறவர். எஞ்சினைக் கழற்றி மாட்டத் தெரியும், ஒரு ஆளுக்குக் கஞ்சி ஊட்டத் தெரியாதாம்.

டாக்டர் தள்ளக் கூடாது என்று சொன்னதை நான் சொன்னேன். டாக்டர்கள் எல்லோரையும் அப்படித்தான் பயமுறுத்துவார்கள், இரண்டு மாதத்தில் ஒன்றும் ஆகிவிடாது, நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன் என்றாள் சித்தி. நான் மறுபடியும் வாயைத் திறந்தபோது அம்மா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசுவது எங்கள் வீட்டில் பெரிய குற்றம். பெரியவர்கள் தப்பாகப் பேசுவது குற்றம் இல்லை.

எல்லோரும் பெரியம்மாவைப் பார்த்தார்கள். அவள் சட்டைக் கழுத்தை விலக்கி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“இருங்க, சீமாட்டிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேன். டிசம்பர் வரைக்கும் பொறுப்பியாடி?” கொஞ்சம் காது கொடுத்துக் கேட்பது போல இருந்துவிட்டு நிமிர்ந்தாள். “சரிங்கறா. ஆனா அதுக்குள்ள தங்கச்சிங்களைக் கூட்டிட்டு வந்து குடிவெச்சுக்குவாளாம்.”

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவுக்குப் புரையேறியது. அவள் சொன்னது வேடிக்கையா, வேண்டுகோளா என்று யாரும் கேட்கவில்லை. சிரித்தாள், அதனால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார்கள்.

அப்போது பின்னறையிலிருந்து தகரக் குவளையைக் கட்டில் கம்பியில் அடிக்கும் சத்தம் கேட்டது. லோலோ பெரோய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“கோரா வந்து என்னைத் தொட்டா கடிச்சு வெச்சிருவேன்,” என்று கத்தினார். “செண்டா டிசம்பர்ல போனாலும் நானும் போவேன், இப்பப் போனாலும் நானும் போவேன். அவ எங்கயோ, நான் அங்க.”

அவ்வளவுதான். வீட்டில் உயிரோடு இருக்கும் மூத்தவர் சொல்லிவிட்டார். அப்படியானால் டிசம்பர் வரை காத்திருந்து என்ன பயன் என்று மாமா சொன்னார். அதுவும் சரிதான் என்று அம்மா சொன்னாள். போனில் சித்தி முகத்தைச் சுளித்தாள், ஆனால் மறுக்கவில்லை. டாக்டர் சொன்னதற்கு மதிப்பில்லை, நான் சொன்னதற்கு இல்லை, பெரியம்மாவின் மார்புக்குள் இருப்பதற்கு இல்லை. ஒரு கிழவர் குவளையை அடித்ததற்கு மதிப்பு இருந்தது. தேதி பழையபடியே நின்றது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். தட்டைக் கழுவிக்கொண்டே பற்களைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

திட்டம் இதுதான். மாமாவின் ஜீப்னியில் எல்லோரும் போவது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் மாமாவின் நண்பர் வீட்டில் லோலோவும் அம்மாவும் தங்குவது. பெரியம்மாவுக்கு நான் துணையாள். எங்கள் நாட்டு அரசு ஆஸ்பத்திரியில் துணையாள் இல்லாமல் யாரையும் கட்டிலில் சேர்க்க மாட்டார்கள். மருந்து வாங்கி வருவது, வெந்நீர் பிடிப்பது, நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது, இரத்தம் கேட்டால் ஓடுவது எல்லாம் துணையாள்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், படுக்க வேண்டுமானால் கட்டிலுக்கு அடியில் பிரித்து விரித்த அட்டைப்பெட்டி. நான் வேலைக்கு விடுப்புச் சொன்னேன், மாலை வகுப்பில் ஆசிரியரிடமும் சொன்னேன். துணையாளாக இருப்பது எப்படி என்று பெரியம்மாவிடமே கேட்டேன். தனக்கு எப்படிக் கஞ்சி ஆற்றித் தர வேண்டும் என்று அவளே எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். அப்போதுகூட அது யாரோ மூன்றாம் மனுஷிக்கு என்பது போலத்தான் பேசினாள். “நோயாளி வேணாம்னு சொன்னா விட்டுடாத. கொஞ்சம் திட்டு. திட்டினா குடிச்சுடுவாங்க.”

ஆஸ்பத்திரி வாசலில்தான் எல்லாம் கோணலாகிப் போனது.

முதலில் லோலோவை நண்பர் வீட்டில் இறக்கியிருக்க வேண்டும். ஆனால் பெரியம்மா இறங்காத இடத்தில் தானும் இறங்க மாட்டேன் என்றார். சரி, ஆஸ்பத்திரி வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பலாம் என்றார் மாமா. வாசலுக்கு வந்ததும் லோலோவுக்கு அவசரமாக ஒன்றுக்குப் போக வேண்டியிருந்தது. சக்கர நாற்காலியை இறக்கினோம். அதைத் தள்ளுவதற்கு நான் கை நீட்டினேன். பெரியம்மாவின் கைகள் ஏற்கெனவே பிடியில் இருந்தன.

வாசல் காவலர் பால்மெஸ், பெரியம்மாவைப் பார்த்ததும் தொப்பியைத் தூக்கினார். பழைய பழக்கம். அவள் அப்பாவோடு, அம்மாவோடு, மாமாவின் மனைவியோடு, பிறகு லோலோவோடு எத்தனையோ முறை அந்த வாசல் வழியாகப் போனவள்.

“மனாங் செண்டா. ரொம்ப நாளா வார்டு பக்கம் ஆளையே காணோம். உங்க வீட்ல எல்லாரும் தீர்ந்துட்டாங்களோன்னு நெனச்சேன்.”

“இன்னும் ஒருத்தர் பாக்கி இருக்காரே,” என்றாள் பெரியம்மா.

பால்மெஸ் நாற்காலியில் இருந்த லோலோவைப் பார்த்தார், தலையை ஆட்டினார், மேசையிலிருந்து துணையாள் அட்டையை எடுத்து நீட்டினார். கயிற்றில் கோத்த, நைந்துபோன அட்டை. பெரியம்மா குனிந்தாள். அவரே அவள் கழுத்தில் மாட்டிவிட்டார்.

நான் அவரிடம் சொன்னேன், நோயாளி இவர்தான், துணையாள் நான் என்று. பின்னால் ஒரு ஆம்புலன்ஸ் வந்து ஒலி எழுப்பியது. அவர் என்னைப் பார்க்காமலேயே கையைக் குறுக்கே நீட்டினார். ஒரு நோயாளிக்கு ஒரு துணை, அவர்கள் உள்ளே போயாயிற்று, மற்றவர்கள் பார்வை நேரத்தில் வரலாம். நான் குரலை உயர்த்தினேன். பெரியம்மா திரும்பிப் பார்த்தாள்.

“உள்ள போயி சொல்லிக்கறேன், லென்லென். நீ வெயில்ல நிக்காத.”

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வராந்தாவின் கோடியில் திரும்பிவிட்டாள். நாங்கள் ஜீப்னிக்குள் உட்கார்ந்திருந்தோம். அவள் சொல்லிவிடுவாள் என்று மாமா நம்பினார். அம்மாவும் நம்பினாள். லோலோவை யாராவது திருப்பித் தள்ளிக்கொண்டு வருவார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தோம். யாரும் வரவில்லை. சோறு, தலையணை, சின்ன மின்விசிறி, வெந்நீர்க் குடுவை எல்லாம் எங்கள் மடியில் இருந்தன. அவற்றுக்கு உரியவள் உள்ளே வெறும் கையோடு போயிருந்தாள்.

பார்வை நேரத்துக்கு மணி அடித்ததும் நான்தான் முதலில் ஓடினேன். பெண்கள் அறுவை வார்டில் அவளுக்கென்று சொன்ன கட்டில் வெறுமையாக இருந்தது. விரிப்புகூடச் சுருங்கவில்லை. மேசையிலிருந்த நர்ஸிடம் கேட்டேன். நாலாகோன், ரோசெண்டா, வரவில்லை என்றார். நோயாளி வராததால் நாளைக் காலை இடம் அடுத்தவருக்குப் போகிறது, டாக்டர் சுற்று வரும்போது சொல்லிவிடுவேன், புதுத் தேதிக்கு மறுபடியும் வெளிநோயாளிப் பிரிவில் வரிசையில் நிற்க வேண்டும் என்றார்.

அவளை ஆண்கள் வார்டில் கண்டுபிடித்தேன்.

லோலோ பெரோய் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சுத்தமான விரிப்பு, தலைக்கு இரண்டு தலையணைகள், மணிக்கட்டில் ஆஸ்பத்திரிப் பட்டை. நாலாகோன், ஆர். அவர் பெயர் ரோபெர்த்தோ, அவருக்கும் ஆர்தான். வார்டு ஆள் பெரியம்மாவின் கையிலிருந்த அனுமதிச் சீட்டை வாங்கியிருக்கிறான், நாற்காலியில் இருந்தவரைப் பார்த்திருக்கிறான், நேராக ஆண்கள் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விட்டான். எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் கேட்கும் ஆஸ்பத்திரியில், யாருக்கு நோய் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு நர்ஸ் அவருக்கு இரத்த அழுத்தம் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று பாராட்டியிருக்கிறார்.

பெரியம்மா ஸ்டூலில் உட்கார்ந்து அவருக்கு ஆஸ்பத்திரிக் கஞ்சியை ஊட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவிக்கு, புண் வராமல் புருஷனை எப்படிப் புரட்டுவது என்று இடையிடையே சொல்லிக்கொண்டிருந்தாள். எதிர்க் கட்டிலில் ஒருவர் அவளை மனாங் என்று கூப்பிட்டு, தன் சலைன் புட்டி தீர்ந்துவிட்டதா என்று பார்க்கச் சொன்னார். அதற்குள் அவள் அந்த வார்டுக்கே துணையாளாகிவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்தில் முதலில் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. வார்டு ஆளையா, காவலரையா? அவர்களை மட்டும் சொல்லி என்ன? பெரியம்மாவைப் பார்த்தால் யாருக்கும் நோயாளி என்று தோன்றாது. அது எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து, வருடக்கணக்காகச் செய்து வைத்த வேலை.

நான் கஞ்சிக் கிண்ணத்தைப் பிடுங்கினேன். லோலோ வாயைத் திறந்தபடியே இருந்தார்.

“அங்க உன் கட்டில் காலியா கெடக்கு. நீ வரலைன்னு எழுதிட்டாங்க. நாளைக்கு உன் எடத்துல வேற யாரையோ அறுக்கப் போறாங்க. ஏன் பெரியம்மா சொல்லலை?”

“சொல்லலாம்னுதான் இருந்தேன்,” என்றாள். “இவருக்கு ஒண்ணுக்கு வந்துச்சு. அப்புறம் கட்டில்ல தூக்கிப் போட ஆள் இல்ல. அப்புறம் பசிங்கறார்.” விரலால் லோலோவின் தாடையில் வழிந்திருந்த கஞ்சியைத் துடைத்தாள். “பட்டை இவருக்கு நல்லாத்தான் இருக்கு, பாரேன். நம்ம குடும்பத்துல யாருக்கோ ஆபரேஷன் நடந்தா சரி.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, லோலோவுக்குக் கேட்காதபடி சொன்னாள்.

“இவருக்கு முன்னாடி நான் பாத்துக்கிட்டவங்க எல்லாரும் செத்துப் போயிட்டாங்க, கண்ணு. ஒருத்தரைக்கூட நான் சரியா பாக்காம விடல. ஆனாலும் போயிட்டாங்க. இந்த ஆஸ்பத்திரியிலேருந்து ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குத் திரும்பி வந்தவ ஸ்டூல்ல உக்காந்திருந்தவ மட்டும்தான். எந்திரிச்சு அந்தப் பக்கம் போகச் சொல்ற. எனக்குக் கால் வரமாட்டேங்குது.”

ஆறுதல் சொல்லத் தெரிந்தவர்கள் ஏதாவது சொல்லியிருப்பார்கள். நான் கிண்ணத்தோடு அவள் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தேன். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்றே போகலாம், நானும் பயத்தோடுதான் வருவேன் என்றேன். அது அவளுக்கு உதவியதா தெரியவில்லை. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

அதற்குள் மாமாவும் அம்மாவும் வந்துவிட்டார்கள். விஷயம் புரிந்ததும் மாமாவுக்கு ஆத்திரம் வந்தது. வார்டு ஆளைத் தேடிக்கொண்டு போய்க் கத்தினார், அவனுடைய ஏழு தலைமுறையையும் விசாரித்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவனை நாளைக்குத் திட்டிக்கொள்ளலாம், டாக்டர் சுற்று முடிப்பதற்குள் பெரியம்மா அந்தப் பக்கம் கட்டிலில் இருக்க வேண்டும், லோலோவை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். மாமா லோலோவைப் பார்த்தார். நடுரோட்டில் பிரேக் பிடிக்காத ஜீப்னியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

“எனக்கு ஒண்ணும் தெரியாதே,” என்றார்.

அதைக் கேட்டதும்தான் பெரியம்மா எழுந்தாள். மெல்ல எழவில்லை. ஸ்டூல் பின்னால் சாய்ந்து விழுந்தது.

“தெரியாதா? உம் பொண்டாட்டியைக் குளிப்பாட்டறப்ப நான் எங்கயாவது படிச்சுட்டா வந்தேன்? உங்க யாருக்கும் தெரியாம இருக்கறதுக்காக நான் ஒருத்தி தெரிஞ்சுக்கிட்டேன். போதும். கிண்ணத்தை வாங்கு. ஸ்பூனை நேரா பிடி. என்னைக் கேக்காத.”

மாமா கிண்ணத்தை வாங்கிக்கொண்டார்.

நாங்கள் வாசலைத் தாண்டும்போது லோலோ ஆரம்பித்தார். செண்டா, செண்டா என்று கட்டில் கம்பியை அடித்துக்கொண்டு கூப்பிட்டார். பெரியம்மாவின் தோள் அந்தப் பக்கம் திரும்பியதை நான் பார்த்தேன். அவள் கால்கூட ஒரு அடி திரும்பியது. நான் அவள் கையைப் பிடிக்கவில்லை. பிடித்து இழுத்துக்கொண்டு போனால், அதுவும் இன்னொருவர் அவளுக்காக முடிவு செய்ததாகிவிடும் என்று தோன்றியது. சரியான முடிவா என்று தெரியாமலேயே நின்றேன்.

“நல்லா கத்துங்க,” என்றாள் அவள், திரும்பாமலேயே, ஆனால் அவருக்குக் கேட்கும்படி. “நுரையீரலுக்கு நல்லது. இன்னைக்கு நான் வரமாட்டேன்.”

பெண்கள் வார்டில் டாக்டர் கடைசிக் கட்டிலுக்கு வந்துவிட்டிருந்தார். அதே இளம் டாக்டர். நர்ஸ் எங்களைப் பார்த்ததும், பெரியம்மாவின் கழுத்தில் இருந்த அட்டையைச் சுட்டிக்காட்டி, துணையாள்கள் சுற்று முடியும் வரை வெளியே நிற்க வேண்டும் என்றார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லவில்லை. எனக்கே ஆச்சரியம்தான்.

பெரியம்மா கயிற்றைத் தலை வழியாகக் கழற்றினாள். அது அவள் கூந்தல் முடிச்சில் மாட்டிக்கொண்டது, இழுத்ததில் கொஞ்சம் முடியும் வந்தது. அட்டையை என் கையில் வைத்தாள்.

“ரோசெண்டா நாலாகோன்,” என்றாள். “நோயாளி நான்தான்.” டாக்டர் திரும்பினார். பெரியம்மா இன்னும் சத்தமாகச் சொன்னாள். “காலையிலேயே வந்துட்டேன். தப்பான எடத்துல உக்காந்திருந்தேன். என் எடத்தை வேற யாருக்கும் குடுக்கக் கூடாது. எனக்கு வேணும்.”

எனக்கு வேணும் என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு மீன் துண்டுக்குக்கூடச் சொன்னதில்லை. அடுத்தவரிடம் இன்னும் சொல்லிவிடவில்லை என்று டாக்டர் நர்ஸிடம் உறுதி செய்துகொண்டார். பிறகு கட்டிலைக் காட்டினார். பெரியம்மா அதன் விளிம்பில், அடுத்தவர் வீட்டில் விருந்தாளி உட்காருவது போல உட்கார்ந்தாள். படுங்கள் என்றார் டாக்டர். அவள் படுத்தாள். செருப்பைக் கழற்ற மறந்துவிட்டாள். நான் கழற்றினேன்.

அன்று மாலை லோலோவைப் பற்றி ஆஸ்பத்திரியில் பெரிய கலகம். நோயே இல்லாத ஒருவருக்குக் கட்டில் கொடுத்ததற்கு யாரும் பொறுப்பு ஏற்கவில்லை. கடைசியில் பழி எங்கள் மேலேயே வந்தது. அதைப் பற்றி எழுதினால் எனக்கு மறுபடியும் காது சூடாகும். அம்மாவும் மாமாவும் அவரை நண்பர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். முதலில் ஒன்றும் சாப்பிடவில்லையாம். கோரா சித்தி வேலையிலிருந்து வீடியோவில் வந்து, அவரை எப்படிப் புரட்டுவது என்று மாமாவுக்குப் படிப்படியாகச் சொல்லிக் கொடுத்தாளாம். மாமா இரண்டு முறை தப்பாகச் செய்தார், சித்தி கத்தினாள், லோலோ இருவரையும் திட்டினார், பிறகு எல்லோரும் களைத்துப்போய் அவர் ஒரு ரொட்டியைப் பாலில் தோய்த்துத் தின்றார். அந்தக் குரங்குக் கூட்டத்தில் யாரும் சாகவில்லை. பார்த்துக்கொள்ள ஆளே இல்லை என்று சொன்னவர்கள் அவர்கள்தான்.

காலையில் எல்லோரும் வந்துவிட்டார்கள். பால்மெஸ் எப்படி விட்டார் என்று தெரியவில்லை. அம்மா ஜெபமாலையோடு வந்தாள். மாமாவும் அவருடைய ஜீப்னி நிலையத்து ஆட்கள் இருவரும் இரத்தம் கொடுத்துவிட்டு, முழங்கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு வந்தார்கள். சித்தி அம்மாவின் போனுக்குள் இருந்தாள், கண்கள் வீங்கியிருந்தன. பெரியம்மாவுக்குப் பச்சை அங்கி மாட்டி, தலைக்குத் துணித் தொப்பி போட்டிருந்தார்கள். மாமா தன் பஞ்சைக் காட்டி, என் இரத்தம் உனக்குள் வந்தால் நீயும் பீர் கேட்பாய் என்றார். வேண்டாம், உன் மூளையும் கூடவே வந்துவிட்டால் நான் எப்படி வீட்டுக்கு வழி கண்டுபிடிப்பது என்றாள் அவள். எல்லோரும் சிரித்தார்கள். இந்த முறை நானும்.

பிறகு அவள் உதட்டை நக்கிக்கொண்டாள்.

“எனக்குத் தாகமா இருக்கு. யாராவது கொஞ்சம் தண்ணி குடுங்க.”

நான்கு பேர் ஒரே நேரத்தில் வெந்நீர்க் குடுவைக்குக் கை நீட்டினோம். நர்ஸ் குறுக்கே வந்தார். ஆபரேஷன் முடியும் வரை ஒரு சொட்டுக்கூடக் கூடாது.

பெரியம்மா அவரையே பார்த்தாள். “வாழ்க்கையில ஒரு தடவை கேட்டேன்,” என்றாள். “ஒரே ஒரு தடவை. அதுவும் கெடையாதா?”

நியாயமான கேள்வி. உதட்டை மட்டும் நனைக்கலாம் என்று நர்ஸ் ஒரு துண்டுப் பஞ்சைக் கொடுத்தார். என்னிடம்தான் கொடுத்தார், மாமா வாங்கிக்கொண்டார். பஞ்சை நனைத்து, பிழியாமல், பெரிய கையால் அவள் முகத்துக்குக் கொண்டு போனார். பாதித் தண்ணீர் கழுத்தில் வழிந்து அங்கிக்குள் போனது.

“மீன் கடையில தெளிக்கிற மாதிரி தெளிக்கறான் பாரு,” என்றாள் பெரியம்மா. “பிழிடா. பிழிஞ்சுட்டு வை. இந்தப் பக்கம் வைக்கலை. அந்தத் தலகாணி சரியில்ல. வெளிச்சம் கண்ணுல அடிக்குது, திரைச்சீலையை இழுங்க. நிம்ஃபா, கால் குளுருது.”

மாமா பிழிந்தார். அம்மா ஜெபமாலையைக் கீழே வைத்துவிட்டு அவள் கால்களைத் தேய்த்தாள். நான் திரைச்சீலையை இழுத்தேன். அது பாதியில் சிக்கிக்கொண்டது, அதற்கும் திட்டு விழுந்தது. தள்ளுகட்டில்காரன் வந்து அவளை ஆபரேஷன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போகும் வரை அவள் நிறுத்தவில்லை. கதவு மூடிய பிறகும் உள்ளே அவள் குரல் கேட்டது. அந்த அறையில் ரொம்பக் குளிராக இருக்கிறதாம், யாராவது ஒரு போர்வை கொண்டுவர வேண்டுமாம்.